அட்டையின் எண் யார் கையில்?

(திருநீர்மலையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை. வாடிக்கையாளர் அடுத்த முறை வாங்கும்போது உதவும் என்று சொல்லி அவருடைய கார்டு எண்ணை எந்த இணையக் கடையும் சேமித்து வைத்திருக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி அன்று நடைமுறைக்கு வந்தது. சாப்பாடு கொண்டுவரும் செயலி, வாடகைக் கார் நிறுவனம், சினிமா டிக்கெட் தளம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த எண்களையும் அழித்தாக வேண்டும். அந்த எண்ணை வைத்திருக்கும் உரிமை இரண்டே தரப்புக்குத்தான்: கார்டைக் கொடுத்த வங்கிக்கும், ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புக்கும். மற்ற எல்லோருக்கும் கிடைப்பது அந்த எண்ணுக்குப் பதிலான ஒரு டோக்கன்.

மறுநாள் தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்கியவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. கைப்பேசியில் சில நாள் ‘உங்கள் கார்டைப் பாதுகாப்பாகச் சேமிக்கவா?’ என்ற கேள்வி வந்தது, விரல் ‘சரி’யைத் தொட்டது, வேலை நடந்தது. ஆனாலும் இந்தியப் பணப்பரிமாற்ற வரலாற்றில் சாமானியருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்புகளில் ஒன்று அந்தத் தேதியில்தான் கிடைத்தது. அது ஏன் தேவைப்பட்டது, எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அது கைகொடுக்காது என்பவைதான் இந்தச் சொற்பொழிவின் பொருள்.

முதலில் அந்தப் பதினாறு இலக்கங்கள். கார்டின் முதல் சில இலக்கங்கள் வலையமைப்பையும் வங்கியையும் காட்டும். நடுவில் வருவது வாடிக்கையாளருக்கு உரியது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கானது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. மென்பொருள்காரர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்தால் முதலில் 8, பிறகு ஏழு 2, கூட்டினால் 22. இரட்டிக்காத எட்டு 1-களைச் சேர்த்தால் 30. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே எண் செல்லும். ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் வகுபடாது. தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க இது அருமையான ஏற்பாடு. திருடனைத் தடுக்க இதில் ஒன்றுமே இல்லை. கார்டின் முகத்தில் எல்லோரும் படிக்கும்படி அச்சடித்த எண்ணையே பணத்தைத் திறக்கும் ரகசியமாகவும் உலகம் பல பத்தாண்டுகள் நடத்தி வந்தது. கோளாறு முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நேராகக் கடையின் கணினிக்குள் நுழையவில்லை. குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கைப்பற்றி அந்த வழியாக உள்ளே போனார்கள். 2016-இல் அதே வகைத் துயரம் இந்தியாவுக்கு வந்தது. ஏடிஎம் இயந்திரங்களை இணைக்கும் அமைப்பு ஒன்றில் தீய மென்பொருள் புகுந்ததால் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாயின. வங்கிகள் லட்சக்கணக்கில் கார்டுகளை முடக்கிப் புதிது கொடுத்தன. உண்மையில் பணம் இழந்தவர்கள் 641 பேர் என்றும், இழப்பு சுமார் 1.3 கோடி ரூபாய் என்றும் இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அறிவித்தது. பணம் இழந்தவர்கள் சில நூறு பேர். கார்டு செத்துப்போய் ஏடிஎம் வாசலில் திகைத்து நின்றவர்கள் லட்சக்கணக்கானோர். 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மோஸ் கூட்டுறவு வங்கியில் நடந்தது இன்னும் கொடியது. போலிக் கார்டுகளை வைத்துப் பல நாடுகளின் ஏடிஎம்களில் சில மணி நேரத்தில் பணத்தை உருவினார்கள். வேறு வழியில் அனுப்பப்பட்டதையும் சேர்த்து மொத்த இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

காந்தப் பட்டையைப் படியெடுப்பது எளிது என்பதால் இந்திய வங்கிகள் சிப் கார்டுக்கு மாறின; அதற்கான கெடு 2018 டிசம்பர் 31. சிப் வந்தபின் கார்டைப் படியெடுப்பது மிகக் கடினமாகிவிட்டது. ஆனால் இணையத்தில் வாங்கும்போது சிப்புக்கு வேலை இல்லை. அங்கே தட்டுவது அதே எண், அதே காலாவதித் தேதி. அதை எத்தனை கடைகள் சேமித்து வைத்திருக்கின்றனவோ அத்தனை இடங்களிலிருந்தும் அது கசியலாம்.

டோக்கன் இந்த இடத்தில்தான் வருகிறது. வங்கிக் கிளையில் காசோலையைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்றைத் தருவார்களே, அதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பார்கள். எண் பொறித்த அந்த வில்லையை வைத்துக்கொண்டு காசாளர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வில்லையில் கணக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பல்லாவரம் கிளையின் வில்லையைக் குரோம்பேட்டைக் கிளையில் நீட்டினால் ஒரு ரூபாய் பெயராது. எந்த வில்லை எந்தக் காசோலைக்கு உரியது என்பது கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். இன்றைய மின்னணு டோக்கனும் இதே ஏற்பாடுதான், பன்மடங்கு இறுக்கமாக.

உலகளாவிய கார்டு வலையமைப்புகள் சேர்ந்து நடத்தும் இஎம்விகோ அமைப்பு 2014-இல் டோக்கனுக்கான தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் பே அந்த அடிப்படையில் அமெரிக்காவில் தொடங்கியது. சாம்சங் பே 2017 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. கைப்பேசியைக் கடையின் இயந்திரத்தில் தொடும்போது நடப்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் கார்டின் உண்மையான எண் கிடையாது. அதன் இடத்தில் இன்னொரு பதினாறு இலக்க எண் இருக்கிறது. லூன் கணக்குக்கும் அது சரியாக வரும், ஆகவே கடைக்காரரின் பழைய இயந்திரமும் அதைக் கார்டு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அதனுடன், அந்த ஒரு கொடுக்கல்வாங்கலுக்கு மட்டும் செல்லுபடியாகும் ரகசியக் குறி ஒன்றைக் கைப்பேசி உருவாக்கி அனுப்புகிறது. இரண்டும் கடையின் வங்கி வழியாகக் கார்டு வலையமைப்பைச் சேர்கின்றன. அங்கே டோக்கன் பெட்டகத்தில் தேடி உண்மை எண்ணைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளரின் வங்கியிடம் சம்மதம் கேட்கிறார்கள். பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலையில் கடைக்காரர் உண்மை எண்ணைப் பார்ப்பதே இல்லை. ரசீதில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் தம் கார்டோடு ஒத்துப்போகவில்லையே என்று சிலர் பதறுவதுண்டு. பதற வேண்டியதில்லை, அது டோக்கனின் கடைசி நான்கு இலக்கங்களாக இருக்கும்.

இந்தியாவின் தனிச்சிறப்பு, இந்த வசதியை விலை உயர்ந்த கைப்பேசி வைத்திருப்பவரோடு நிறுத்தாமல் எல்லோருக்குமான சட்டப் பாதுகாப்பாக மாற்றியது. ரிசர்வ் வங்கியின் 2019 ஜனவரி 8-ஆம் தேதிச் சுற்றறிக்கை கைப்பேசி, டேப்லட்டோடு நின்றது. 2021 ஆகஸ்டில் மடிக்கணினி, கைக்கடிகாரம் முதலியவை சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் இணையக் கடைகளும் சேர்ந்தன. அப்போது இருந்த கெடு 2021 டிசம்பர் 31. வணிகர்கள் கால அவகாசம் கேட்டதால் அது 2022 ஜூன் 30 ஆனது, பிறகு செப்டம்பர் 30 ஆனது. இரண்டு முறை தள்ளிப்போனாலும் ரிசர்வ் வங்கி பின்வாங்கவில்லை. அந்த உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

விதியின் உள்ளடக்கமும் நுட்பமானது. ஒரு கார்டுக்கு ஒரு கடையில் ஒரு டோக்கன். அடுத்த கடையில் வேறு டோக்கன். ஒரு கடையின் கணினியைக் கொள்ளையடித்தாலும் கிடைக்கும் டோக்கன்கள் இன்னொரு கடையில் செல்லாது. வாடிக்கையாளரின் சம்மதமும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பும் இல்லாமல் டோக்கன் உருவாகக் கூடாது. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்பவர் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டி வாங்கிக்கொள்ளலாம். கணக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடைகள் கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்ன கணக்குப்படி, அதுவரை 56 கோடிக்கும் மேற்பட்ட டோக்கன்கள் உருவாகியிருந்தன. அவற்றின் வழியே 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கைமாறியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து வங்கியின் தளத்திலேயே ஒரே இடத்தில் பல கடைகளுக்கான டோக்கன்களை உருவாக்கவும் வழி திறந்தது.

இனி, ஒரே அட்டையில் பல கணக்குகள் என்ற பழைய ஆசைக்கு வருவோம். பர்ஸில் அடுக்கியிருக்கும் நான்கைந்து கார்டுகளை ஒன்றாக்கிவிட வேண்டும் என்று பலர் முயன்றிருக்கிறார்கள். 2013 நவம்பரில் அமெரிக்காவில் காயின் என்ற மின்னணு அட்டையை அறிவித்தார்கள். எட்டு கார்டுகளை அதில் ஏற்றிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். மக்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள்; அட்டை தாமதமாக வந்தது. வந்தபோது அது நம்பியிருந்த காந்தப் பட்டையை உலகம் கைவிட்டுக்கொண்டிருந்தது. 2016-இல் ஃபிட்பிட் நிறுவனம் அதன் தொழில்நுட்பத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு சேவையே நின்றது. பிளாஸ்டிக் என்ற இன்னொரு நிறுவனம் 90 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிவிட்டு, ஓர் அட்டைகூடக் கொடுக்காமல் 2017-இல் மூடிவிட்டது. இந்தியாவில் இண்டஸ்இண்ட் வங்கி 2018-இல் டெபிட், கிரெடிட் இரண்டையும் ஒரே அட்டையில் கொண்டுவந்தது. அதன் தீர்வு நேரடியானது: அட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சிப்.

காயினின் தோல்விக்குக் காரணம் பொறியாளர்களின் திறமைக் குறைவு அல்ல. உண்மை எண்களையே ஓரிடத்தில் குவித்தால் ஆபத்தும் ஓரிடத்தில் குவியும். வங்கிகள் அதை விரும்பவில்லை. டோக்கன் வந்தபின் கதை மாறியது. ஒரு கைப்பேசியில் பத்து கார்டுகளை ஏற்றினாலும் உள்ளே இருப்பவை பத்து பதிலி எண்கள். கைப்பேசி தொலைந்தால் அந்தப் பத்தை மட்டும் அழித்தால் போதும். வீட்டு அலமாரியில் இருக்கும் கார்டுகள் பழையபடி உயிரோடு இருக்கும். 2016-இல் லட்சக்கணக்கானோர் பட்ட அலைச்சல் இதில் இல்லை.

இதைத் தென்சென்னைப் புறநகரில் வைத்துப் பார்த்தால் பாதி மகிழ்ச்சியும் பாதி ஏக்கமும் வரும். திருநீர்மலை 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. இங்கிருந்து கிண்டிக்கோ சென்ட்ரலுக்கோ வேலைக்குப் போகிறவர் பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், பிறகு தேவைப்பட்டால் மெட்ரோ என்று மாறி மாறிப் போகிறார். பஸ்ஸில் நடத்துநரிடம் டிக்கெட், ரயிலுக்கு சீசன் டிக்கெட், மெட்ரோவுக்கு அட்டை.

சிங்காரச் சென்னை அட்டை இதில் ஒரு பகுதியை நேராக்கியிருக்கிறது. தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை என்ற திட்டம் 2019 மார்ச்சில் தொடங்கியது. ரூபே தொழில்நுட்பத்தில் இயங்கும் அதன் சென்னை வடிவத்தை மெட்ரோ நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் 2023 ஏப்ரல் 14 அன்று அறிமுகப்படுத்தின. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் அது வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து மெட்ரோ தன் பழைய பயண அட்டையைக் கைவிட்டு முழுமையாக இதற்கு மாறியது.

இந்த அட்டையின் உள் அமைப்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. நிலையத்தில் கதவு உடனே திறக்க வேண்டும். ஓடும் பேருந்தில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் பயணத்துக்கான தொகை சிப்பிலேயே இருக்கிறது. அதற்கான வரம்பு 2000 ரூபாய். இணையத்தில் பணம் ஏற்றியவர், தொகை கூடவில்லையே என்று கதவருகே நின்று குழம்புவது இதனால்தான்: ஏற்றிய பணம் வங்கியின் கணினியில் இருக்கிறது, நிலையத்தின் இயந்திரத்தில் அட்டையை வைத்துப் புதுப்பித்தபின்தான் சிப்புக்குள் வரும். அட்டை தொலைந்தால் சிப்பில் இருந்த தொகை, தொலைத்த ரொக்கம்போலத்தான். இந்த இரண்டு செய்திகளையும் நிலையங்களில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். முதியவர்கள் பலர் இதைத் தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

ஆனாலும் ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவருக்கும் பயன்படுவது இந்த அட்டை. 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கிய சென்னை ஒன் செயலி பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் தருகிறது. நல்ல முயற்சி, ஆனால் அதற்கு ஸ்மார்ட்ஃபோன் வேண்டும். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்திலும் அட்டையைத் தொட்டுவிட்டு ஏறும் நாள் வர வேண்டும். தாம்பரத்தில் ஏறுகிறவர்களில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் கட்டடத் தொழிலாளர்களும் ஏராளம். தொழில்நுட்பத்தின் பயன் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனவர்கள் இன்னொரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பழைய மிக்ஸி விற்பவர், செடி விற்பவர், கருவாடு விற்பவர் என எல்லோரிடமும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. 2016-இல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. பல வங்கிக் கணக்குகளை ஒரே செயலியில் இணைக்கலாம்; 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டையும் இணைக்கலாம். கணக்கு எண்ணைச் சொல்லாமல் ஒரு முகவரியைச் சொல்லிப் பணம் வாங்குவது டோக்கனின் அதே தத்துவம். எட்டு கார்டுகளை ஓர் அட்டையில் அடைக்கக் கோடிக்கணக்கில் செலவழித்தும் காயின் சாதிக்காததைச் செடி விற்பவரின் பழைய கைப்பேசி சாதித்துவிட்டது.

பெருமைப்படும் அதே வேளையில் பயப்படவும் காரணம் இருக்கிறது. டோக்கன் எண்ணைக் காக்கும். மனிதரை ஏமாற்றுவதைத் தடுக்காது. சிங்கப்பூரில் 2024-இன் கடைசி மூன்று மாதங்களில் காவல் துறைக்கு இப்படிப்பட்ட மோசடி பற்றி 656 புகார்கள் வந்தன. இழப்பு 12 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாது. போலி விற்பனைத் தளத்தில் கார்டு விவரத்தையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்ட மோசடிக்காரர்கள், அந்தக் கார்டைத் தங்கள் கைப்பேசியில் ஏற்றிக் கடைகளில் தொட்டுத் தொட்டுப் பொருள் வாங்கினார்கள். அந்த டோக்கன் போலியல்ல, முறைப்படி உருவானதுதான். உருவாக்கச் சொன்ன ஆள்தான் போலி. இங்கும் அதே வேலை வேறு வேடத்தில் நடக்கிறது: கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, போக்குவரத்து அபராதம் என்று வரும் இணைப்பு, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டும் வீடியோ அழைப்பு. ஓடிபியை மட்டுமே நம்பும் முறையிலிருந்து மெல்ல விலக, 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய சரிபார்ப்பு விதிகளை வெளியிட்டதும் இந்தக் கவலையால்தான்.

இன்னொரு கவலை பெட்டகத்தைப் பற்றியது. ஆயிரம் கடைகளில் சிதறிக் கிடந்த எண்கள் இப்போது சில பெட்டகங்களில் இருக்கின்றன. அவை யாருடைய கையில், எந்த நாட்டில் இருக்கின்றன என்பது அரசியல் கேள்வியும்கூட. பணப்பரிமாற்றத் தகவல்களை இந்தியாவுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அதைப் பின்பற்றாததற்காக 2021-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகியவை புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. விதிக்கு உட்பட்டபின் விலக்கப்பட்டது. அந்தக் கண்டிப்பு தளரக் கூடாது. 2012-இல் பிறந்த ரூபே என்ற சொந்த வலையமைப்பு நமக்கு இருப்பதன் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் விளங்குகிறது.

அவையில் இருப்போருக்கும் பின்னர் அச்சில் படிப்போருக்கும் சில வேண்டுகோள்கள். இன்று இரவே வங்கியின் செயலியைத் திறந்து, கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேவையில்லாததை மூடுங்கள், வரம்பைக் குறையுங்கள். அந்தப் பொத்தான்கள் 2020 அக்டோபரிலிருந்து ஒவ்வொருவருக்கும் உரிமையாக உள்ளன. எந்தெந்தக் கடைகளில் உங்கள் கார்டுக்கு டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலும் வங்கியிடம் கிடைக்கும், பயன்படுத்தாததை நீக்குங்கள். ஓடிபி வந்தால் அது எதற்கென்று அந்தக் குறுஞ்செய்தியை முழுக்கப் படியுங்கள். கார்டை வேறொரு கைப்பேசியில் ஏற்றுவதற்கான ஓடிபியை ‘பரிசுத்தொகைக்கு’ என்று நினைத்துச் சொன்னவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்திருக்கிறார்கள்.

பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை, செம்பாக்கம் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, அக்கம்பக்கத்து முதியவர்களுக்கு இவற்றைக் கைப்பேசியில் செய்துகாட்ட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் போதும், நிபுணர் வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தவறு உங்கள் மீதும் இல்லாமல் வங்கியின் மீதும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை என்று 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. நான்காம் நாளிலிருந்து அந்தப் பாதுகாப்பு குறையத் தொடங்கும்.